நம்ம கொன்னை

ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு, கருமருது, நூற்று நாற்பத்தொன்று. சொல்லிவிட்டேன். ஆராய்ச்சி நிலையத்து ஜெசிந்தா மேடத்தின் விரல் டேப்லெட்டில் மூன்று முறை தட்டியது, மாதி நாடாவை மரத்திலிருந்து உருவி முழங்கையில் சுற்றிக்கொண்டாள், அடுத்த மரம் ஆறடி தள்ளி நிற்கிறது. ஆறடி நடப்பதற்குள் சொல்லிவிடலாம். மேடம், பழைய கணக்கில் ஒரு தப்பு இருக்கிறது, அந்தத் தப்பு என்னுடையது. இவ்வளவுதான், எண்ணினால் ஒன்பது சொல். நேற்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன், நன்றாகத்தான் வந்தது. இங்கே வரவில்லை. ஆறடி முடிந்துவிட்டது. மாதி அடுத்த மரத்தைக் கட்டிப்பிடித்து நாடாவைப் பின்பக்கமாக வாங்குகிறாள், மார்பு உயரத்தில் பூசிய சிவப்பு வளையத்தின் மேல் நாடா பிசகாமல் உட்காருகிறது. ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தேழு, நமை, அறுபத்திரண்டு. போன தடவை அறுபது. ஐந்து வருடத்தில் இரண்டு சென்டிமீட்டர், இந்த நெருக்கத்தில் அதற்கு அவ்வளவுதான் முடிந்திருக்கிறது. நாலு ஹெக்டேர் காடு இது, நான்கு மூலையிலும் கல் நட்டுப் பத்துப் பட்டையாகப் பிரித்தது. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு மரத்தின் பெயரையும் சுற்றளவையும் எழுதுகிறோம், எது செத்தது, எது புதிதாக வந்தது என்று பார்க்கிறோம். எண்பத்தெட்டில் தொடங்கியது, இது எட்டாவது எண்ணிக்கை. எழுதுகிறவர்கள் மாறினார்கள், பென்சில் போய்ப் பேனா வந்து பேனாவும் போய்விட்டது. எட்டுத் தடவையும் பெயர் சொன்னவன் நான் ஒருவன். பதின்மூன்றில் போட்ட எண் வரிசையில் பத்தாம் பட்டையின் கடைசித் தொண்ணூற்றாறு மரம் இன்றைக்கு, பிறகு முளைத்தவற்றை முன்பே எண்ணியாயிற்று. அதில் இரண்டு போயிற்று. பதினொரு மணிக்கு ஜீப் வந்துவிடும், மேடம் ஏறிப் போய்விடுவார், திங்கட்கிழமை கூட்டம். மணி எட்டாகப் பத்து நிமிடம். பை இடது தோளை அறுக்கிறது. எனக்காக நான் எழுதி வைத்த ஐந்து நோட்டுகள் அவ்வளவு கனம் இல்லை, அவற்றை நான் நிறுத்தே பார்த்திருக்கிறேன், ஒரு கிலோ நூறு கிராம். ஆனாலும் அறுக்கிறது. வலது தோளுக்கு மாற்றினேன், அங்கேயும் அறுக்கிறது.

தலைக்கு மேல் எல்லாம் மஞ்சள். அக்டோபர் மாதம், மஞ்சக்கொன்னை பூத்துக் கொட்டுகிறது, மேடத்தின் தொப்பியில், மாதியின் நரைத்த கொண்டையில், என் பையின் வாயில். ஊட்டிக்குப் போகிறவர்கள் வண்டியை ரோட்டோரம் நிறுத்தி இதைப் படம் எடுக்கிறார்கள். கீழே பார்க்க மாட்டார்கள். கீழே ஒன்றும் இல்லை. புல் இல்லை, நெல்லிக் கன்று இல்லை, புள்ளிமானின் புழுக்கை இல்லை, வெறும் மண்ணும் உதிர்ந்த இலையும். ஒன்றை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பத்துப் பன்னிரண்டு தளிர்க்கும், நான் எண்ணியதில் அதிகம் பதினேழு. எண்பத்தெட்டில் இந்த நாலு ஹெக்டேரில் ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நான்கு மரம், அறுபத்து மூன்று வகை. போன எண்ணிக்கையில் இரண்டாயிரத்து முந்நூற்று ஏழு மரம், நாற்பத்தொரு வகை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்குக் காடு அடர்ந்திருக்கிறது, நல்லது என்று தோன்றும். நெல்லி நூற்றுப் பன்னிரண்டு இருந்தது, தொண்ணூற்றாறாகி, எழுபத்தொன்றாகி, போன தடவை முப்பத்தெட்டு. இந்தத் தடவை ஒன்பது பட்டைக்கும் சேர்த்துப் பத்தொன்பது. இருக்கிறதெல்லாம் கிழம், கன்று ஒன்றுகூட இல்லை. ஒரு தெருவில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒன்றும் இல்லாமல் பெரியவர்கள் மட்டும் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டு, மஞ்சக்கொன்னை, ஐம்பத்தொன்று. நாற்பத்தொன்பது, மஞ்சக்கொன்னை, நாற்பத்தேழு. ஐம்பது, மஞ்சக்கொன்னை. இப்போது எல்லோரும் மஞ்சக்கொன்னை என்று சொல்கிறோம், நானும் சொல்கிறேன், பட்டியலில் அதற்கு அறுபத்து நான்காவது எண். முன்பிருந்த அறுபத்து மூன்றுக்குப் பிறகு வந்தது என்பதால் அறுபத்து நான்கு. ஆனால் அது பட்டியலுக்கு வந்த வருடம் வேறு, காட்டுக்கு வந்த வருடம் வேறு. நடுவில் பதினைந்து வருடம். அந்தப் பதினைந்து வருடம் என் பைக்குள் இருக்கிறது.

போன வியாழக்கிழமை மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். திரையில் இரண்டு கோடு. ஒன்று பச்சை, அது சரக்கொன்றை, இந்தக் காட்டின் சொந்த மரம், பட்டியலில் பதினேழாவது எண். எண்பத்தெட்டில் இருபத்திரண்டு, தொண்ணூற்றெட்டில் இருபத்தொன்பது, இரண்டாயிரத்து மூன்றில் அறுபது, எட்டில் நூற்றுத் தொண்ணூற்று நான்கு. மலை ஏறுகிற மாதிரி ஏறி, இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் பொத்தென்று விழுந்து பதினேழு மரத்தில் கிடக்கிறது. அதே பதின்மூன்றில் மஞ்சள் கோடு ஒன்று, அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லாமல், ஒரேயடியாக முந்நூற்று எண்பத்தெட்டில் பிறக்கிறது. மேடம் பச்சைக் கோடு விழுகிற இடத்தில் பேனா முனையை வைத்தார். "நூத்தி எழுபத்தேழு மரம் ஐயா, அஞ்சே வருஷத்துல. கல்லம்பாடிக்காரங்க விறகுக்கு வெட்டிட்டாங்கன்னு அப்பவே ஃபைல்ல எழுதியிருக்காங்க. அந்த வெளிச்சத்துலதான் மஞ்சக்கொன்னை உள்ள வந்திருக்கு. நீங்க அப்ப இங்கதானே இருந்தீங்க, அப்படித்தானே?" நான் என்ன சொன்னேன். நான் "ம்" என்றேன். அது ஆமாம் இல்லை, கேட்டேன் என்பதற்கான ம். கேட்டுக்கொண்டிருக்கிறேன் மேலே சொல்லுங்கள் என்பதற்கான ம். ஆனால் காதில் விழுகிறவர் அதை ஆமாம் என்றுதானே எடுத்துக்கொள்வார். மேடம் எடுத்துக்கொண்டார், குறித்தும் கொண்டார். வாயைத் திறக்காமலே சொல்லக்கூடிய ஒரு சொல்லை யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை, என்னைப் போன்றவர்கள்தான் இருக்கும். ஆறு நாளாக அந்த ம் தொண்டையில் உட்கார்ந்திருக்கிறது, சோறு அதைத் தாண்டித்தான் இறங்க வேண்டியிருக்கிறது.

கல்லம்பாடி மாதியின் ஊர், பதினாலு வீடு. இந்தப் பட்டையின் மேற்கு எல்லையை ஒட்டி ஒரு பாதை இருந்தது. அந்த வழியாக அவர்களுக்கு ரோடு இரண்டு கிலோமீட்டர். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட வண்டி எல்லாம் ரோட்டில். இரண்டாயிரத்துப் பதினாலில் மரம் வெட்டுகிறார்கள் என்று பாதையை அடைத்தார்கள், கம்பி இழுத்துப் பலகை வைத்தார்கள். இப்போது சுற்றிப் போக ஒன்பது கிலோமீட்டர். மாதியின் மருமகளுக்குப் பாதி வழியில் ஜீப்புக்குள்ளேயே பிள்ளை பிறந்தது. பிழைத்துக்கொண்டார்கள், இரண்டு பேரும். மாதி அதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள், "பேரன் பேர் மகேந்திரா, வண்டி பேரையே வெச்சிட்டோம்" என்பாள், நிஜமாகவே அதுதான் பெயர். ஒன்பது வருடமாக மனு கொடுக்கிறார்கள். திங்கட்கிழமை கூட்டத்தில் பாதையைத் திறக்கலாமா கூடாதா என்று முடிவாகும், மேடத்தின் அறிக்கையை வைத்துத்தான் முடிவு. இது மாதிக்குத் தெரியும். காலையில் ஜீப்பில் வரும்போது என் பக்கம் சாய்ந்து, மேடம் நல்ல மாதிரிதானே, எங்களைப் பற்றி நல்லபடியாக எழுதுவாங்கதானே என்று கேட்டாள். நான் அதற்கும் ம் என்றேன். ஒரு வாரத்துக்குள் இரண்டாவது ம். பாதை அடைத்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அநியாயம், அவர்கள் பச்சை மரத்தில் கத்தி வைக்கிறவர்கள் இல்லையே என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். என்ன மரம், எத்தனை என்று ஃபைலில் எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். எண்ணிக்கை என்றால் தூக்கத்திலும் விழித்துக்கொள்கிறவன், இந்த ஓர் எண்ணை மட்டும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை. ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து மூன்று, வேங்கை, நூற்றுத் தொண்ணூறு. மேடம் திரும்பச் சொல்லச் சொன்னார். குரல் இறங்கிவிட்டதாம். நூற்றுத் தொண்ணூறு, மேடம்.

தொண்ணூற்றெட்டாம் வருடம், இதே அக்டோபர், மூன்றாம் பட்டை. முந்தின எண்ணிக்கையில் அங்கே இல்லாத ஒரு கன்று, கட்டைவிரலை விடக் கொஞ்சம் தடிமன், அளவுக்கு வந்துவிட்டது, எழுத வேண்டும். இலையைப் பிடித்தேன். ஈர்க்கின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன இலை, ஜோடி ஜோடியாக. எண்ணினேன். பன்னிரண்டு ஜோடி. சரக்கொன்றைக்கு ஐந்து, ஆறு, மிஞ்சினால் எட்டு ஜோடி, அதுவும் உள்ளங்கை அகலம். இது அது இல்லை. ஆனால் எனக்கு இது யார் என்று தெரியும். நான் முழங்கால் உயரத்தில் இருந்தபோதே தெரியும். இலங்கையில் மாத்தளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற கூலிவீட்டு வரிசையின் கடைசியில் இது நான்கு நின்றது. அம்மா கொழுந்து கொடுத்துவிட்டு வந்து அதன் கீழேதான் கூடையைக் கவிழ்த்து வைப்பாள். தங்கைக்கு அதன் கிளையில்தான் ஏணை கட்டினோம். இலையை உருவி எத்தனை ஜோடி என்று எண்ணுவேன், பன்னிரண்டு, பதின்மூன்று, சில நாள் பதினான்கு. எனக்கு எண்ணச் சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை, அந்த இலைதான். பள்ளிக்கூடம் ஆறாவதோடு நின்றுபோயிற்று. அதைக் கொன்னை என்றுதான் சொல்வோம், வேறு கொன்னை எங்களுக்குத் தெரியாது. எழுபத்திரண்டில் பதினெட்டு வயதில் கப்பல் ஏறி, மண்டபத்தில் இறங்கி, முகாமில் கிடந்து, இந்த மலைக்கு வந்து, இருபத்தாறு வருடம் கழித்து இந்தக் காட்டுக்குள் அது என் மார்பு உயரத்தைத் தாண்டி நிற்கிறது. நான் என்ன செய்வேன். காய்ச்சல் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி அதன் தண்டைத் தொட்டுக்கொண்டு நின்றேன். நாடா பிடித்திருந்தவள் மாதி, அப்போது அவளுக்கு முப்பத்து மூன்று இருக்கும். என்ன மரம் என்று எழுதுகிறவர் கேட்டார். எழுதுகிறவர் நஞ்சுண்டன், தலை நிமிராமல் எழுதுகிறவர், இப்போது இல்லை, போய் ஏழு வருடமாகிறது. கொன்னை என்றேன். மாதி இலையைப் பார்த்துவிட்டு, "இது எங்க கொன்னை இல்ல" என்றாள்.

எங்க என்றாள். தப்பாகச் சொல்லவில்லை. அவர்கள் காடு, அவர்கள் கொன்னை, அதில் நான் இல்லை. நம்ம என்றால் கேட்கிறவரும் உள்ளே வந்துவிடுகிறார், எங்க என்றால் கேட்கிறவர் வெளியில் நிற்கிறார். இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, வந்த நாளிலிருந்து இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு வெளியில்தான் நின்றிருக்கிறேன். எங்க ஊரு, எங்க சாமி, எங்க தண்ணி. கடையில் பெயர் கேட்டால் சன்னாசி என்று சொல்வேன். சிலோன்காரரு என்று எழுதுவார்கள். அன்றைக்கு என் கையில் அந்த இலை இருந்தது. பன்னிரண்டு ஜோடி. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்துவிட்டது. இதோ எனக்கு முன்னால் வந்து வேர் பிடித்த என் வீட்டு ஆள் ஒருவர், இதை எப்படி நீ இல்லை என்று சொல்வாய். எங்க கொன்னை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எங்க தோட்டத்துக் கொன்னை, வேற, பேர் தெரியாது என்று எழுதுங்கள், இலையைப் பறித்து அனுப்புங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அது முறை, பெயர் தெரியாத மரத்துக்கு இலை அனுப்ப வேண்டும், அதற்கென்றே பழைய செய்தித்தாள் கட்டு வைத்திருந்தோம். எங்க என்று சொல்ல வெட்கமாக இருந்தது. எங்க என்றால் எங்கே என்று கேட்பார்கள், பிறகு கப்பலிலிருந்து தொடங்க வேண்டும். நான் "நம்ம கொன்னைதான்" என்றேன். கொஞ்சம் அழுத்திச் சொன்னேன், அழுத்திப் பேசுகிற ஆள் இல்லை நான், அதனாலேயே எல்லோரும் நம்பினார்கள். நம்ம ஊர் மரம் என்று நஞ்சுண்டன் எடுத்துக்கொண்டார், சரக்கொன்றையின் எண் பதினேழு என்று எழுதினார். நான் அந்தத் தாளைப் பார்க்கவில்லை. என் நோட்டில் நான் எழுதிக்கொண்டது, நம்ம கொன்னை, ஒன்று. எனக்கு மட்டும் புரிகிற நம்ம. மாதி விட்டுவிட்டாள், நாடாவைச் சுருட்டிக்கொண்டே "சிலோன்காரருக்கு எல்லாமே நம்மதுதான்" என்று சிரித்தாள். அந்த வருடம் ஒன்பது. இரண்டாயிரத்து மூன்றில் நாற்பத்தொன்று. எட்டில் நூற்று எழுபத்தாறு. ஒவ்வொன்றுக்கும் நம்ம கொன்னை, நம்ம கொன்னை என்று கூப்பிட்டேன், எழுதுகிறவர்கள் பதினேழு, பதினேழு என்று எழுதினார்கள். உண்மையான சரக்கொன்றையை வெறும் கொன்னை என்று சொன்னேன். அதற்கும் பதினேழு. எனக்குள் இரண்டு வரிசை, தாளில் ஒரே வரிசை. மாதி மட்டும் ஒவ்வொரு எண்ணிக்கையிலும் கன்றைக் காட்டி, "இது எங்களுதா, நம்மளுதாண்ணா?" என்று கேட்பாள். அது அவளுக்கு விளையாட்டு, இருபத்தைந்து வருடமாக அலுக்காத விளையாட்டு.

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்பது, நெல்லி. நாடா வேண்டாம் மாதி, பட்டை கழன்றுவிட்டது பார். செத்தது என்று போடுங்கள் மேடம். பத்தொன்பது பதினெட்டாகவில்லை, இது இந்தப் பட்டைக் கணக்கு, பத்தொன்பதில் இது சேரவே இல்லை. எதற்குப் பதறுகிறேன். வலதுபுறம் எங்கோ மூங்கில் முறிகிற சத்தம். முன்னால் போகிற வாட்சர் கையைத் தூக்கினார், எல்லோரும் நின்றோம். யானை என்றால் ஓட வேண்டும், ஓடினால் பை கனக்கும், பையை எறிந்துவிட்டு ஓட வேண்டும். எறிந்தால் யானை மிதிக்கும், மிதித்தால் நோட்டு மண்ணோடு போகும், போனால். இந்த நினைப்பை நான் நினைக்கவில்லை, அதுவாக வந்தது. வந்ததும் உடம்பு ஒரு நொடி லேசானது உண்மை. யானை வரவில்லை, குரங்கு. வாட்சர் கையை இறக்கினார். நான் பையின் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன், எறிவதற்கா காப்பதற்கா என்று கைக்குத் தெரிந்திருக்கும். இரண்டாயிரத்து எட்டில் தெரிந்துவிட்டது எனக்கு. பெரிய சார், இந்த நிலையத்தைத் தொடங்கியவர், ஓய்வுபெறுகிற வருடம். சுவரில் பெரிய தாள் ஒட்டி, சரக்கொன்றை மீண்டு வருகிறது, நூற்றுத் தொண்ணூற்று நான்கு என்று எழுதியிருந்தார்கள். என் நோட்டில் கொன்னை பதினெட்டு. நூற்று எழுபத்தாறும் பதினெட்டும் நூற்றுத் தொண்ணூற்று நான்கு. கூட்டிப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. பெரிய சார் எனக்குச் சால்வை போட்டார், இருபது வருடத்தில் ஒரு பிழை இல்லாத கணக்கு, சன்னாசி சொன்னால் அதுதான் மரம் என்று மைக்கில் சொன்னார். சால்வை கழுத்தை உறுத்திக்கொண்டிருந்தது, நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன், டீ கொடுத்தார்கள். டீ குடித்ததும் சொல்லலாம் என்றிருந்தேன், அவர் அழுதுகொண்டிருந்தார், பிரிவு. நாளைக்குச் சொல்லலாம். பிறகு, ஒரு பெயர்தானே, மரம் மரம்தானே, யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று. பதின்மூன்றில் புது ஆட்கள் வந்தார்கள். அதற்குள் ரோட்டோரமெல்லாம் மஞ்சள், எல்லோருக்கும் பெயர் தெரிந்துவிட்டது, இது மஞ்சக்கொன்னை என்று அவர்களே எனக்குக் காட்டினார்கள், ஆமாம் என்றேன். பழைய அலுமினியத் தகடுகளை எடுத்துவிட்டுப் புது எண் போட்டார்கள். பழைய எண்ணுக்கு எது புது எண் என்ற தாள் ஒரு மழையில் நனைந்து ஒட்டிப்போனது, இன்னொரு படி எடுத்திருக்கவில்லை. என் நோட்டில் இரண்டு எண்ணும் இருக்கிறது. என் நோட்டில் எல்லாம் இருக்கிறது. நோட்டை யாரும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை, பெயர் தானாகத் திருந்திவிட்டது, இனி சொல்ல வேண்டியதில்லை என்று நிம்மதியாக இருந்தேன். பத்து வருடம் நிம்மதியாக இருந்திருக்கிறேன். அதில் ஒன்பது வருடம் மாதி சுற்றி நடந்திருக்கிறாள்.

நூற்று எழுபத்தேழில் ஒன்று உண்மை. அதை நான் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு உதைக்கும். ஏழாம் பட்டையில் ஒரு நிஜமான சரக்கொன்றை போனது, யானை சாய்த்தது, இரண்டாயிரத்துப் பத்தாம் வருடம் ஜூலை, வேர் மேலே கிடந்ததை நானே பார்த்தேன். மற்ற நூற்று எழுபத்தாறும் வெட்டப்படவே இல்லை, நின்ற இடத்திலேயே நிற்கின்றன, பெருத்தும்விட்டன. இப்போது என் தலையில் பூக் கொட்டுகிறது அவைதான். வெட்டாத மரத்துக்காகப் பதினாலு வீட்டின் பாதையை அடைத்திருக்கிறார்கள். சொன்னால் என்ன ஆகும். எட்டு எண்ணிக்கையும் சந்தேகம் என்பார்கள். கருமருது கருமருதுதானா, நமை நமைதானா, இந்த ஆள் ஆறாம் வகுப்பு, எதை எதை எப்படிச் சொன்னாரோ என்பார்கள். முப்பத்தைந்து வருடம் மழையிலும் அட்டையிலும் ஒரு மரத்தைக்கூட விடாமல் தொட்டதெல்லாம் ஒரு சொல்லில் போய்விடும். மேடத்தின் பச்சைக் கோடு, அதை வைத்து எழுதிய புத்தகங்கள், பெரிய சாரின் பெயர். என் சால்வை பெட்டியில் இருக்கிறது, அந்துருண்டை போட்டு. சொல்லாவிட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. அதுதான் பயம், ஒன்றுமே ஆகாது. திங்கட்கிழமை போகும், கம்பி இருக்கும், மகேந்திரா ஒன்பது கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கூட வண்டி பிடிப்பான், மாதி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நாடா பிடிக்க வருவாள், வந்து இது எங்களுதா நம்மளுதா என்று கேட்பாள், நான் சிரிப்பேன். நான் ஒவ்வொரு தடவையும் சிரித்திருக்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இரண்டு, தேக்கு, நூற்று நான்கு. தொள்ளாயிரத்துப் பதினேழு, மஞ்சக்கொன்னை, எண்பத்து மூன்று. பதினெட்டு, மஞ்சக்கொன்னை. ஐயா, முகம் ஒரு மாதிரி இருக்கே, கொஞ்சம் உட்காருகிறீர்களா என்றார் மேடம். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். நல்ல பிள்ளை, என் மகள் வயது, இரவெல்லாம் உட்கார்ந்து கோடு போடுகிறது, அதற்குத் தெரிந்ததை வைத்துத்தானே போட முடியும். நான் சொன்னதை வைத்து. சொல்லாததை வைத்து. மணி பத்து நாற்பது. காலில் அட்டை ஏறியிருக்கிறது, குனிந்து பிடுங்கவில்லை, குடித்துவிட்டு விழட்டும். ஒன்பது சொல். முதல் சொல் மேடம். அதைக் காலையிலிருந்து எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், நூற்றுத் தொண்ணூறு, மேடம், செத்தது மேடம். அதற்கு அடுத்த எட்டுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது, மஞ்சக்கொன்னை, எழுபத்து நான்கு. முப்பத்தொன்று கடைசி. எல்லைக் கல்லுக்கு ஓர் எட்டு இந்தப் பக்கம், கல்லுக்கு அந்தப் பக்கம் கம்பி, கம்பிக்கு அப்பால் பாதை இருந்த தடம், அதிலும் இப்போது கொன்னைக் கன்று முளைத்திருக்கிறது, பன்னிரண்டு ஜோடி இங்கிருந்தே தெரிகிறது. முப்பத்தொன்று கோணலாக நிற்கிறது, கிழம், அடியில் பொந்து. கிளையில் நான்கு காய், கறுப்பாக, நீளமாக, பிரம்பு தொங்குகிற மாதிரி. மாதி நாடாவைச் சுற்றினாள். தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள், கண்ணில் அந்த விளையாட்டு. கேட்கப் போகிறாள். கேட்டுவிட்டாள்.

"இது எங்களுதா, நம்மளுதாண்ணா?"

"உங்களுது, மாதி," என்றேன்.

அவள் சிரிப்பதற்காக வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். இருபத்தைந்து வருடத்தில் நான் ஒரு தடவையும் பதில் சொன்னதில்லை. நான் திரும்பி முப்பதாம் எண்ணைக் காட்டினேன். "அதுதான் எங்களுது. நம்ம இல்ல. எங்க. சிலோன்ல எங்க லயத்துல நின்னது. தொண்ணூத்தெட்டுல நான் நம்ம கொன்னைன்னு சொல்லிட்டேன், மேடம்." மேடத்தின் விரல் டேப்லெட்டுக்கு மேலே நின்றுவிட்டது. எத்தனை சொல் என்று எண்ணவில்லை. பையை இறக்கி நோட்டுகளை எல்லைக் கல்லின் மேல் வரிசையாக வைத்தேன், மூன்றாவதைத் திறந்தேன், பிறகு தடுக்கித் தடுக்கி எல்லாவற்றையும் சொன்னேன். பதினேழு, அறுபத்து நான்கு, பழைய எண், புது எண், சால்வை, நூற்று எழுபத்தாறு, யானை சாய்த்த அந்த ஒன்று. வியாழக்கிழமை நான் சொன்ன ம் ஆமாம் இல்லை என்பதையும் சொன்னேன். மேடம் குனிந்து நோட்டின் பக்கங்களைப் புரட்டினார், ஒரு எண்ணை டேப்லெட்டில் தேடினார், இன்னொன்றைத் தேடினார், முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. கீழே ரோட்டில் ஜீப் ஹாரன் அடித்தது.

மாதி நாடாவை மரத்திலிருந்து எடுக்கவே இல்லை. கம்பியைப் பார்த்தாள், கம்பிக்கு அப்பால் தடத்தைப் பார்த்தாள், பிறகு என்னை.

"பாதையை அதனாலயா அடைச்சாங்க?"

"ம்," என்றேன்.

இது ஆமாம் என்கிற ம்தான். அவள் ஏதாவது சொல்வாள் என்று நின்றேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவள் நாடாவை மெதுவாக உருவி, முழங்கையில் சுற்றாமல், மடித்து என் கையில் கொடுத்தாள். எல்லைக் கல்லுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்து முழங்காலை நீட்டிக்கொண்டாள். அண்ணா என்று சொல்லவில்லை.

"படிங்க. நூத்தி எழுபத்தாறையும் படிங்க. நான் எண்ணுறேன்."

மேடம் ஜீப்புக்காரரிடம் கொஞ்சம் நிற்கச் சொல்லுங்கள் என்று வாட்சரைக் கீழே அனுப்பினார். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன். முதல் பக்கம், மூன்றாம் பட்டை, பென்சில் எழுத்து மங்கியிருந்தது, ஆனாலும் தெரிந்தது. பழைய எண் இரண்டாயிரத்து நாற்பத்தொன்று, புது எண் ஐந்நூற்று எட்டு, எங்க கொன்னை. மாதி சுண்டுவிரலை மடக்கினாள். பழைய எண் இரண்டாயிரத்து நாற்பத்திரண்டு.